பூஸ்ட் பொத்தானை அழுத்தும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் "சமூக ஊடகங்களையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகின்றன. சிறு வியாபாரியின் பணமும் நேரமும் கரையத் தொடங்குவது அந்த வரிக்குப் பிறகுதான். பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்குகிறார்கள். நாலைந்து படங்கள் போடுகிறார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றதும் பதிவின் கீழே நீல நிறத்தில் இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை, அதாவது பணம் கட்டிப் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டும் வசதியை, அழுத்துகிறார்கள். லைக் வருகிறது, விற்பனை வருவதில்லை. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதால் வந்த நட்டம் இது. கடைமடை வரை வாய்க்காலைத் தூர்வாராமல் மதகைத் திறந்தால் தண்ணீர் வழியிலேயே வடிந்துவிடும். விளம்பரம் என்பது மதகு. அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

பூஸ்ட் செய்த பதிவுக்கு ஏன் லைக் மட்டும் வருகிறது? பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர இயந்திரம், நாம் எதைக் கேட்கிறோமோ அதைச் செய்யக்கூடியவர்களைத் தேடிப் பிடித்துத் தரும். 'என்கேஜ்மென்ட்' (லைக், கமென்ட் போன்ற எதிர்வினை) வேண்டும் என்றால், கண்ணில் படுவதற்கெல்லாம் விருப்பக்குறி இடும் பழக்கமுள்ளவர்களிடம் பதிவைக் கொண்டுபோய்க் காட்டும். நாம் கேட்டதை அது சரியாகவே செய்துவிட்டது. வாங்கும் பழக்கமுள்ளவர்கள் வேறு கூட்டம். அவர்களைச் சென்றடைய மற்ற விளம்பரதாரர்களும் போட்டி போடுவதால் செலவும் கூடும். பூஸ்ட் பொத்தானில் தேர்வுகள் குறைவு. அதே பணத்தை மெட்டாவின் விளம்பர மேலாண்மைப் பக்கமான 'ஆட்ஸ் மேனேஜர்' வழியே செலவிட்டால், விழிப்புணர்வு, டிராஃபிக் (இணைப்புக்கு வருகை), என்கேஜ்மென்ட், லீட்ஸ் (வாங்கக்கூடியவர்களின் விவரம்), ஆப் புரமோஷன், விற்பனை என ஆறு நோக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதற்குள் இன்னும் நுணுக்கமாகச் சொல்லலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐபோன் செயலிக்குள்ளேயே பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் 30 சதவீதச் சேவைக் கட்டணம் கூடுதலாகச் சேரும் என்று மெட்டா 2024 பிப்ரவரியில் அறிவித்தது. கணினியில் பிரவுசர் வழியே செய்தால் அந்தக் கட்டணம் இல்லை.

பணம் கொடுக்காமலே பதிவுகள் பரவலாகப் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். வணிகப் பக்கங்களின் இலவச ரீச் (பதிவு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பது) சில ஆண்டுகளாகவே சரிந்துகொண்டிருந்த நிலையில், 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் நியூஸ் ஃபீடில் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தது. அதன்பின் அந்த ரீச் இன்னும் சுருங்கியது. ஆயிரம் ஃபாலோயர் இருந்தால் ஆயிரம் பேரும் பார்ப்பார்கள் என்று இன்று யாரும் கணக்குப் போட முடியாது. ஆகவே விளம்பரச் செலவு ஏதோ ஒரு கட்டத்தில் தேவைப்படும். அதற்கு முன் ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டாக வேண்டும். பெரும்பாலானோர் போடாத கணக்கு இது.

ஒரு பொருளை 100 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மூலப்பொருள், கூலி, பேக்கிங், அனுப்பும் செலவு, பணம் பெறும் சேவைக்கான கட்டணம், திரும்பி வரும் சரக்கால் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்ந்து 65 என்றால் கையில் நிற்பது 35. ஒரு விற்பனைக்கு விளம்பரத்தில் 35 செலவானால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இப்போது விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வாட்ஸ்அப்பில் விசாரிக்க 8 செலவாகிறது என்று கொள்வோம். விசாரிக்கும் பத்துப் பேரில் இருவர் வாங்கினால், ஒரு விற்பனைக்கு ஐந்து விசாரணைகள், அதாவது 40 செலவு. ஒவ்வொரு விற்பனையிலும் 5 கைநட்டம். அதே விளம்பரம், அதே 8. ஆனால் விசாரித்தவர்களுக்கு உடனுக்குடன் தெளிவாகப் பதில் சொல்லி, பத்துக்கு நான்கு பேரை வாங்க வைத்துவிட்டால் ஒரு விற்பனைக்கான செலவு 20-ஆக இறங்குகிறது. கையில் 15 நிற்கிறது. விளம்பரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் நட்டம் லாபமாகிவிட்டது. விளம்பரப் படத்தை மாற்றி மாற்றி மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், பதில் சொல்லும் முறையை ஒருநாளும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் முதல் வேலை வாட்ஸ்அப்பில். சொந்த எண்ணில், குடும்பக் குழுக்களுக்கு நடுவே வியாபாரம் செய்வதை நிறுத்த வேண்டும். 2018-ல் வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலி இலவசம். தனி எண் ஒன்றை வாங்கி அதில் தொடங்குவது நல்லது. பிற்பாடு வேலைக்கு ஆள் வைத்தால் தொலைபேசியை ஒப்படைக்கவும் முடியும், சொந்த விஷயங்கள் வெளியே போகாது. ஒரு தொலைபேசியோடு மேலும் நான்கு சாதனங்களை இணைக்கலாம் என்பதால், கடையில் ஒருவரும் வீட்டில் ஒருவரும் ஒரே எண்ணில் பதில் சொல்லலாம்.

செயலியை நிறுவியதும் 'குவிக் ரிப்ளை' பகுதியைத் திறந்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை எழுதி வைக்க வேண்டும். 50 வரை வைக்கலாம், ஆனால் எட்டு பத்து போதும். விலை, அளவு, எத்தனை நாளில் கிடைக்கும், அனுப்பும் செலவு, பணம் செலுத்தும் வழி, மாற்றித் தரும் நிபந்தனை, கடைக்கு வரும் வழி. சாய்கோட்டைத் தட்டி, வைத்த குறுஞ்சொல்லை எழுதினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். அதை அப்படியே அனுப்பிவிடாமல், கேட்டவரின் பெயரையும் அவர் கேட்ட பொருளையும் முன்னால் சேர்த்து அனுப்ப வேண்டும். பதிலின் முடிவில் ஒரு கேள்வி இருப்பது முக்கியம். "விலை இவ்வளவு" என்று நிறுத்தினால் உரையாடல் அங்கேயே செத்துவிடும். "எந்த நிறத்தில் வேண்டும்?", "எந்தத் தேதிக்குள் தேவைப்படுகிறது?" என்று கேட்டால் அது தொடரும்.

வரவேற்புச் செய்தி என்ற 'கிரீட்டிங் மெசேஜ்' முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாட்கள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் தானாகப் போகும். அதில் பலர் "எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி" என்று மட்டும் எழுதி வீணடிக்கிறார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பதில் கிடைக்கும், படம் அனுப்பினால் அளவையும் சேர்த்து அனுப்பவும் என்பன போன்ற வேலைக்குதவும் வரிகளை அதில் வைக்கலாம். கடை மூடிய நேரத்துக்கு 'அவே மெசேஜ்' தனியாக உண்டு. வேலை நேரத்தைச் செயலியில் சரியாகப் பதிந்திருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். இல்லாவிட்டால் பட்டப்பகலில் "நாங்கள் இப்போது இல்லை" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

உரையாடல்களை வகை பிரித்துக் குறிக்கும் லேபிள்கள் பற்றி இரண்டு வரி. 'விசாரித்தவர்', 'விலை சொல்லியாயிற்று', 'பணம் வரவேண்டும்', 'அனுப்பவேண்டும்', 'முடிந்தது' என ஐந்து போதும். தினமும் மாலையில் 'விலை சொல்லியாயிற்று' லேபிளைத் திறந்து, ஒருநாளுக்கு மேல் பதில் வராதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். இரண்டாவது தடவை துரத்தக் கூடாது. கைநழுவிப் போன விற்பனையில் ஒரு பகுதி இந்த ஒரு நினைவூட்டலில் திரும்பக் கிடைக்கலாம்.

செயலியில் உள்ள பொருள் பட்டியலான கேட்டலாக்கில் 500 பொருட்கள் வரை ஏற்றலாம். முப்பது பொருளை விலை, அளவு, தெளிவான படத்தோடு ஏற்றுவது, முந்நூறு பொருளை அரைகுறையாக ஏற்றுவதைவிடப் பயன் தரும். தீர்ந்துபோன பொருளை உடனே மறைத்துவிட வேண்டும்.

விலையைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதும் வழக்கம் சிறு வியாபாரத்தைக் கெடுக்கிறது. போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும், நிறைய பேர் கேட்டால் பதிவு மேலே வரும் என்ற நம்பிக்கையும் இதற்குக் காரணம். போட்டியாளர் ஒரு வாடிக்கையாளரைப் போல விசாரித்து நிமிடத்தில் தெரிந்துகொள்வார். வாங்க நினைப்பவரோ கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். கேட்பவர்களில் பாதிப்பேர் விலை கட்டுப்படியாகாதவர்களாக இருப்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லும் நேரமும் போகும். ஒவ்வொன்றும் அளவெடுத்துச் செய்யும் தொழில் என்றால், "இவ்வளவிலிருந்து தொடங்கும்; அளவு, துணி, வேலைப்பாட்டைப் பொறுத்துக் கூடும்" என்று அடிப்படை விலையை எழுதலாம். அதுவே தகுதியான விசாரணைகளை மட்டும் வடிகட்டித் தரும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் குறித்து ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒருவர்கூடத் திரும்பக் கேட்கவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பொருளைக் கொடுக்கும்போதே "இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், புதிய சரக்கு வந்தால் தெரிவிக்கிறோம், வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய எண்களுக்கு மென்பொருள் வைத்து மொத்தமாக அனுப்பினால், பெறுபவர்கள் 'பிளாக்', 'ரிப்போர்ட்' அழுத்துவார்கள், எண் தடைசெய்யப்படும். பல ஆண்டு வாடிக்கையாளர்கள் அறிந்த எண் ஒரே நாளில் முடங்கிப்போவதைவிடப் பெரிய இழப்பு சிறு தொழிலுக்கு வேறில்லை.

பதில் சொல்லும் வழி ஒழுங்கானதும் அடுத்தது முகப்பு. இன்ஸ்டாகிராம் பயோவில் (கணக்கின் அறிமுக வரிகளில்) 150 எழுத்துகள்தான் இடம். அதில் பொன்மொழி எழுதுவதை விட்டு, என்ன செய்கிறோம், யாருக்கு, எங்கே அனுப்புவோம், எப்படி வாங்குவது என்ற நான்கையும் எழுத வேண்டும். பயோவுக்கு மேலே தடித்த எழுத்தில் வரும் 'நேம்' பகுதி தேடலில் வரக்கூடியது. கடைப்பெயரோடு தொழிலின் பெயரையும் அங்கே சேர்க்கலாம். பதிவின் விளக்கத்தில் ஒட்டும் இணைப்புகள் இன்ஸ்டாகிராமில் அழுத்தினால் திறக்காது. ஆகவே இணைப்பு பயோவிலோ ஸ்டோரியின் 'லிங்க்' ஸ்டிக்கரிலோ இருக்க வேண்டும். இது தெரியாமல் ஒவ்வொரு பதிவிலும் நீண்ட முகவரியை ஒட்டிக்கொண்டிருப்பவர்களைத் தினமும் காண முடிகிறது.

வாடிக்கையாளர் நேரில் வரும் கடை என்றால், இன்ஸ்டாகிராமைவிட முதலில் பார்க்க வேண்டியது, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 நவம்பர் வரை 'கூகுள் மை பிசினஸ்' என்ற பெயரில் இருந்தது இதுதான். ரீல் பார்ப்பவர் பொழுதுபோக்க வந்தவர், கூகுளில் "அருகில் தையல் கடை" என்று தேடுபவர் துணியைக் கையில் வைத்திருப்பவர். தேடலில் மேலே வருவதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன என்று கூகுளே சொல்கிறது. தூரம் நம் கையில் இல்லை. பொருத்தத்துக்கு முதன்மை வகையைத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'துணிக்கடை' வேறு, 'தையல் கடை' வேறு. கூடுதலாக ஒன்பது வகைகள் வரை சேர்க்கலாம், ஆனால் செய்யாத வேலையைச் சேர்க்க வேண்டாம். கடைப்பெயரோடு தேடல் சொற்களை ஒட்டவைப்பது விதிமீறல், புரொஃபைலே முடக்கப்படலாம். பலகையில் உள்ள பெயர்தான் அங்கும் இருக்க வேண்டும். மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று சொல்வதும் விதிக்கு எதிரானது. வேலை முடிந்து வாடிக்கையாளர் திருப்தியாக நிற்கும் நேரத்தில், மதிப்புரைப் பக்கத்துக்கான கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கேட்பதே போதும்.

மோசமான மதிப்புரை வந்தால் அழிக்க வழி தேடுவதைவிட, இரண்டு மூன்று வரியில் பதில் எழுதுவது மேல். என்ன நடந்தது என்று ஒப்புக்கொண்டு, என்ன செய்து தருவோம் என்று சொல்லி, மீதியைத் தொலைபேசியில் பேசலாம் என அழைக்க வேண்டும். அந்தப் பதிலைப் படிக்கப்போவது திட்டியவர் மட்டுமல்ல, நாளை வரவிருப்பவரும்கூட.

இனிப் படங்கள். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை, ஆனால் வெளிச்சம் தெரிய வேண்டும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டு, நேர்வெயில் விழாத நேரத்தில் எடுக்க வேண்டும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் படத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் ஏறி, துணியின் நிறம் பொய்யாகிவிடும். "படத்தில் பார்த்த நிறம் இதுவல்ல" என்று திரும்பி வரும் சரக்கில் ஒரு பகுதி இந்தக் கலப்பு வெளிச்சத்தின் விளைவுதான். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, திரையில் பொருளின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும், அதன்பின் எடுக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு படங்கள் வேண்டும். முழுப் பொருள் தெரியும்படி ஒன்று, தையல் அல்லது இணைப்பின் நெருக்கம் ஒன்று, கையில் பிடித்தோ உடுத்தியோ அளவு புரியும்படி ஒன்று, பின்புறமோ உட்புறமோ ஒன்று. கைப்பை விற்பவர் உட்புறத்தைக் காட்டாமல் விட்டால் அதைக் கேட்டே பாதி விசாரணைகள் வரும்.

ஃபீடுக்கு 1080 அகலம் 1350 உயரம் உள்ள நெடுக்கான படம், சதுரப் படத்தைவிடத் திரையில் அதிக இடம் பிடிக்கும். ரீல்ஸுக்கும் ஸ்டோரிக்கும் 1080 அகலம் 1920 உயரம். இதில் பலர் இடறுவது எழுத்து வைக்கும் இடத்தில். மேலே சுமார் 250 பிக்சலைக் கணக்கின் பெயரும், கீழ்ப்பகுதியை விளக்க வரிகளும் பொத்தான்களும் மூடிக்கொள்ளும். ரீல்ஸில் கீழே மூன்றில் ஒரு பங்கு வரை மறையலாம். விலையையும் தொலைபேசி எண்ணையும் அடியில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. நடுப்பகுதிதான் பாதுகாப்பான இடம்.

வீடியோவில் முதல் மூன்று வினாடிகளுக்குள் முடிந்த பொருளைக் காட்டிவிட வேண்டும். லோகோ சுழல்வது, வணக்கம் சொல்வது, கடையின் வெளிப்புறம் எல்லாம் ஆட்களை விரட்டிவிடும். முடிந்த பொருள் முதலில், செய்யும் முறை நடுவில், விலையும் வாங்கும் வழியும் முடிவில் என்ற வரிசை எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். பலர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் சொல்வதை எழுத்திலும் காட்ட வேண்டும். பிரபல பாடல்களை வைப்பது குறித்து எச்சரிக்கை தேவை. தனிநபர் கணக்குக்கு உரிமம் பெற்ற பாடல்கள் வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாது. வீடியோ ஒலியிழக்கலாம், நீக்கப்படலாம். மெட்டாவின் 'சவுண்ட் கலெக்‌ஷன்' தொகுப்பில் உள்ளவற்றை எடுத்துக்கொள்வதே வழி. அதைவிட நல்லது தொழிலின் ஒலியே. தையல் இயந்திரம் ஓடும் சத்தமும் மரம் இழைக்கும் சத்தமும் எந்தப் பாட்டுக்கும் குறைந்தவை அல்ல.

எதைப் போடுவது என்று தினமும் திண்டாட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளே பதிவுக்கான தலைப்புகள். "துவைத்தால் சாயம் போகுமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டால், துவைத்துக் காட்டும் 20 வினாடி வீடியோ ஒன்று எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிறகு அதே கேள்விக்கு அந்த வீடியோவையே பதிலாக அனுப்பலாம். வாரம் மூன்று பதிவுகளை ஓராண்டு தொடர்வது, ஒரு மாதம் தினமும் மூன்று போட்டுக் களைத்து நிறுத்துவதைவிட நிலைக்கும். ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கானதைத் தயாரித்து, 'மெட்டா பிசினஸ் சூட்'டில் நேரம் குறித்து வைத்துவிட்டால் தொழிலுக்கு நடுவே கவனம் சிதறாது.

ஃபாலோயர்களை விலைக்கு வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கணக்குகள் எதையும் வாங்கப்போவதில்லை. அதோடு நம் பதிவுக்கு யார் எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதை வைத்தே அது மேலும் பரவுவது தீர்மானமாகிறது, அசையாத பத்தாயிரம் பேர் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடுவார்கள். "லைக் போடுங்கள், ஷேர் செய்யுங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள்" என்று கெஞ்சும் பதிவுகளை 2017 டிசம்பரிலிருந்தே கீழிறக்குவதாக பேஸ்புக் அறிவித்திருக்கிறது. "உங்கள் டைம்லைனில் பகிர்ந்தால் பரிசு" என்ற போட்டி அதன் விதிகளுக்கே புறம்பானது. பணமோ பொருளோ கொடுத்துப் பிரபலங்களைப் பேச வைத்தால், அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி 'பெய்ட் பார்ட்னர்ஷிப்' குறி இட வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின் விளம்பரம். வாட்ஸ்அப்பில் விற்பவருக்கு ஏற்றது, அழுத்தினால் நேராக வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும் விளம்பரம். ஆட்ஸ் மேனேஜரில் கேம்பெய்ன், ஆட் செட், ஆட் என மூன்று அடுக்குகள். முதலடுக்கில் நோக்கம், இரண்டாவதில் இடம், ஆட்கள், பட்ஜெட், காலம், மூன்றாவதில் படமும் வாசகமும். இரண்டாவது அடுக்கில் 'உரையாடல்களின் எண்ணிக்கையை அதிகரி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் தேர்வதில் மிகுந்த கவனம் தேவை. எட்டு கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து மட்டுமே ஆட்கள் வருவார்கள் என்றால், வரைபடத்தில் கடையின் மீது குறி வைத்து அந்தச் சுற்றளவை மட்டும் தர வேண்டும். நாடு முழுவதையும் விட்டுவைத்தால் மலிவாகக் கிடைக்கும் இடங்களுக்கே பணம் ஓடும். பார்ப்பவர்களை மெட்டாவே தேர்ந்தெடுக்கும் 'அட்வான்டேஜ் பிளஸ்' ஆடியன்ஸில் இடம், குறைந்தபட்ச வயது, மொழி போன்ற சில மட்டுமே கட்டாய வரம்புகள். நாம் சேர்க்கும் விருப்பங்கள், பாலினம் போன்றவை வெறும் பரிந்துரைகளாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பொறுமையின்மை பணத்தைத் தின்கிறது. ஒரு ஆட் செட், கடைசியாகப் பெரிய மாற்றம் செய்ததிலிருந்து ஒரு வாரத்துக்குள் நாம் கேட்ட பலனை (இங்கே வாட்ஸ்அப் உரையாடலை) சுமார் 50 முறை பெறும்வரை 'லேர்னிங்' நிலையில் இருக்கும். அந்தக் கட்டத்தில் செலவு ஏறியிறங்கும். இரண்டாம் நாளே பயந்து படத்தை மாற்றி, நான்காம் நாள் வயதை மாற்றி, ஆறாம் நாள் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால், ஒவ்வொரு முறையும் இயந்திரம் முதலிலிருந்து கற்கத் தொடங்கும். சிறிய பட்ஜெட்டை ஐந்து ஆட் செட்டுகளாகப் பிரிப்பதும் இதே தவறுதான், எதற்கும் 50 தேறாது. ஒரே ஆட் செட், அதற்குள் இரண்டு மூன்று வெவ்வேறு படங்கள், ஏழு நாட்கள் கை வைக்காமல் இருப்பது. இதுதான் சிறு பட்ஜெட்டுக்கு ஏற்ற முறை. முடிவுத் தேதியைக் கட்டாயம் குறிக்க வேண்டும், கணக்குக்கான மொத்தச் செலவு வரம்பையும் வைத்துவிட வேண்டும். தினசரி பட்ஜெட் என்பது சராசரி. ஒருநாள் அதைவிடக் கூடுதலாகவும் செலவாகலாம், வாரக் கணக்கில்தான் ஏழு மடங்கைத் தாண்டாது. முதல் நாளே கூடுதலாகப் போய்விட்டதே என்று பதறி நிறுத்துபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

படம் ஒன்றுக்கு ஐந்து ஆர்டர், படம் இரண்டுக்கு மூன்று ஆர்டர் என்றால் ஒன்று சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவே இருக்கலாம். விசாரணைகளின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது ஓரளவு நம்பகமானது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒருவர் சராசரியாக எத்தனை முறை விளம்பரத்தைப் பார்த்தார் என்று சொல்லும் 'ஃபிரீக்வென்சி' என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். சிறிய சுற்றளவில் அது விரைவில் ஏறும். அதே ஆட்கள் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்து, விசாரணைக்கான செலவும் கூடவே ஏறினால் படத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

விற்பனை எங்கிருந்து வந்தது என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. வாட்ஸ்அப் பிசினஸில் உரையாடலைத் திறக்கும் குறுஞ்சுட்டி (ஷார்ட் லிங்க்) உருவாக்கும்போது, அழுத்துபவரின் பெட்டியில் தானாக நிரம்பும் வாசகத்தையும் நாமே அமைக்கலாம். எண்ணோடு வாசகத்தைச் சேர்த்து இடத்துக்கொரு சுட்டி தயாரித்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராம் பயோவில் உள்ளதற்கு "இன்ஸ்டாகிராமில் பார்த்தேன்", பில்லில் அச்சிட்ட கியூஆருக்கு "ஏற்கெனவே வாங்கியிருக்கிறேன்", கூகுளில் உள்ளதற்கு "கூகுளில் பார்த்தேன்" என்று வைத்துவிட்டால், முதல் வரியைப் பார்த்ததும் தெரிந்துவிடும். இணையதளம் வைத்திருப்பவர்கள் இதே வேலைக்கு இணைப்புகளில், வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூடிஎம் குறிகளைச் சேர்க்கலாம். ஆப்பிள் 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5-ல் கண்காணிப்புக்குப் பயனரின் அனுமதி கேட்கத் தொடங்கியதிலிருந்து, விளம்பர அறிக்கையில் வரும் விற்பனை எண்கள் ஓரளவு மதிப்பீடே. கல்லாப்பெட்டிக் கணக்கோடு வாரம் ஒருமுறை ஒப்பிட்டே தீர வேண்டும். ஒரு நோட்டில் விசாரணை, விற்பனை, விளம்பரச் செலவு, எங்கிருந்து என்ற நான்கு பத்திகள் போதும்.

கடைசியாக, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் ஏஜென்சியோ தெரிந்த பையனோ தங்கள் பெயரில் தொடங்கிக் கொடுத்தால், உறவு முறியும் நாளில் பல ஆண்டு உழைப்பும் அவர்களோடு போய்விடும். பக்கம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மெட்டாவின் 'பிசினஸ் போர்ட்ஃபோலியோ'வை உரிமையாளரே தன் பெயரில் திறந்து, மற்றவர்களுக்கு வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் தர வேண்டும். முழு அனுமதி கொண்டவர்கள் குறைந்தது இருவர், இருவருமே குடும்பத்துக்குள்ளோ பங்குதாரர்களாகவோ இருக்கட்டும். ஒருவரின் கணக்கு முடங்கினால் மற்றவர் மீட்கலாம். இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். "காப்புரிமை மீறலால் உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்தி முறையிடுங்கள்" என்று இன்பாக்ஸில் வருபவை திருட்டு முயற்சிகள். உண்மையான அறிவிப்பு கணக்கின் 'சப்போர்ட்' பகுதியில்தான் இருக்கும், அங்கே இல்லையென்றால் அது பொய்.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது, அதிலிருந்த பக்கங்களும் தொடர்புகளும் அதோடு போயின. வாடிக்கையாளரின் பெயர், எண், கடைசியாக வாங்கியது, தொடர்புகொள்ள ஒப்புதல் தந்தாரா என்ற விவரங்களை அவரது சம்மதத்தோடு நம் கையிலிருக்கும் ஒரு நோட்டிலோ கணக்குத் தாளிலோ மாதம் ஒருமுறை எழுதி வைப்பது அதனால்தான் தேவைப்படுகிறது.

தங்கள் வணிகப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தி ஒதுக்கி, இவற்றை ஒவ்வொன்றாகத் திரைப்பிடிப்புகளுடன் (ஸ்கிரீன்ஷாட்), எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்ற அளவுக்கு விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்துக்கு இருபடிச் சரிபார்ப்பையும், இரண்டாவது வாரத்துக்கு மேலே சொன்ன விலைக் கணக்கையும் எடுத்துக்கொள்ளலாம். பூஸ்ட் பற்றி ஆறாவது வாரத்துக்குப் பிறகு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சிறுதொழில்களுக்கான இணைய விளம்பரப் பணியில் உள்ள ஒரு வாசகர்